மறுமுனை திறக்காத துளை

கடையில் கிடைக்கும் மரப் பேனா ஒன்றை எடுத்துப் பார்த்தால், மரம் தொடங்கும் இடத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும். முடியும் இடத்தில் இன்னொன்று, பெரும்பாலும் தங்க முலாம் பூசிய சின்னக் கொண்டை. அவை வெறும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. மரக் கட்டையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, நீளமான ஒரு கம்பியில் கோத்து லேத்தில் கடைகிறார்கள். கடைந்து முடித்த பிறகு இரண்டு பக்கமும் துளை திறந்தே கிடக்கும். அதை அடைக்கத்தான் உலோகம்.

வீட்டில் லேத் வைத்துப் பேனா கடைகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அநேகமாக இப்படித்தான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் தைவானில் செய்த உதிரிப் பாகங்கள் ஒரு சின்னப் பையில் வரும். 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் இரண்டு, கூர்முனை, நடு வளையம், கிளிப், முனையை வெளியே தள்ளும் திருகு, ஒரு ரீஃபில். மரத்தை மட்டும் நாம் போட வேண்டும்.

கோவை கணபதிப் பக்கம் பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த ஒரு டர்னரின் கைக்கு 2014-இல் அப்படியொரு பை வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மச்சினன் வாங்கி வந்தது. ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு முடித்து, பி.எஸ்.ஜி. லேத்தில் கை பழகியவர் அவர். இரும்பும் பித்தளையும் கன்மெட்டலும் அவருக்கு அத்துப்படி. பேரிங் உட்காரும் இடத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கணக்குப் பார்த்தே வளர்ந்தவர். மரத்தை மட்டும் அதுவரை லேத்தில் ஏற்றியதே இல்லை.

பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்திருந்த நிலைவாசல் தேக்கில் ஒரு துண்டு அறுத்து, அன்றைக்கே ஒரு பேனா செய்துவிட்டார். நன்றாக எழுதியது. பட்டறையில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். அவருக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தேக்கின் ரேகை மேலிருந்து ஓடி வந்து அந்தப் பளபளக்கும் கொண்டையில் முட்டி நின்றது. அந்த ரேகை முனையைச் சுற்றி வளைந்து மறுபக்கம் ஏற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு எண்ணத்தின் பின்னால் போனதுதான்.

அடி மூடிய பேனா நமக்குப் புதிதல்ல. அவருடைய பள்ளிக்கூட நாட்களில் எல்லோர் சட்டைப் பையிலும் அதுதான் இருந்தது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை நேராகப் பேனாவின் உடம்புக்குள்ளேயே விடுவார்கள். உடம்பே மைக்கூடு என்பதால் அடி மூடியிருந்தே ஆக வேண்டும். ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் காந்தியடிகளின் தூண்டுதலால் 1930-களில் செய்த சுதேசிப் பேனாவும், இன்றைக்கும் திருவள்ளூரில் ரங்கா பட்டறையில் கையால் கடையும் பேனாக்களும் அந்த வம்சம்தான். அவற்றின் பொருள் எபோனைட். ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து வேகவைத்தால் கிடைக்கும் கெட்டிப் பொருள் அது. எபோனைட்டுக்கு ரேகை கிடையாது. எந்தத் திசையில் வெட்டினாலும் ஒரே மாதிரி வரும். மரத்தில் அந்தச் சலுகை இல்லை.

மறுமுனை திறக்காத துளையைப் பட்டறையில் பிளைண்டு ஹோல் என்பார்கள். இரும்பில் அதைப் போடுவது அவருக்கு அன்றாட வேலை. மரத்தில் போட்டபோதுதான் அதன் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று புரிந்தது. சாதாரண ட்ரில் பிட்டின் முனை 118 டிகிரியில் கூம்பாக இருக்கும். 10 மில்லிமீட்டர் பிட் என்றால் அந்தக் கூம்பின் உயரம் மட்டும் 3 மில்லிமீட்டர். ஆக, குழாய் உட்காரும் நேர்ச்சுவருக்கு அடியில் கூம்பாக ஒரு குழி எப்போதும் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. பேனாவின் அடியை உருட்டிக் கடையும்போது வெளி வளைவும் உள் கூம்பும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகின்றன. நடுவில் மரம் போதுமான அளவு இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள். மெலிவது அங்கே அல்ல, தோளில். நேர்ச்சுவர் முடிந்து கூம்பு தொடங்கும் அந்த மூலைக்கு மேலேதான் மரம் தாளாகும். வளைவை எங்கே தொடங்கலாம் என்பதைக் கண் தீர்மானிக்க முடியாது, வெர்னியர்தான் தீர்மானிக்க வேண்டும். கட்டையின் மேல் பென்சிலால் இரண்டு கோடுகள் போடுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். ஒன்று நேர்ச்சுவர் முடியும் இடம், மற்றது கூம்பின் நுனி. முதல் கோட்டைத் தாண்டிய பிறகுதான் வளைவு.

துளை போடும்போது சூடு இன்னொரு சங்கடம். இரண்டு பக்கமும் திறந்த துளையில் பிட் மறுமுனையைத் துளைத்ததும் தூள் வெளியே போய்விடும். மூடிய துளையில் அது அடியில் தங்கி, பிட்டோடு சேர்ந்து உராய்ந்து கொதிக்கும். தேக்கு பொறுத்துக்கொள்ளும், கருங்காலி பொறுக்காது. துளை போட்ட அன்று எதுவும் தெரியாது, ஆறிய பிறகு மெல்லிய கீறல் ஒன்று நீளவாக்கில் எழும்பியிருக்கும். சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை முழுசாக வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு, பிட் ஆறும் வரை காத்திருந்து, மறுபடி உள்ளே விடுவதுதான் வழி. அவசரக்காரர்களுக்கான மரம் அல்ல கருங்காலி.

குழாய் ஒட்டுவதிலும் மூடிய முனை தன் குணத்தைக் காட்டும். உள்ளே பசை ஏறாமல் இருக்கக் குழாயின் முன்வாயை மெழுகால் அடைத்து, சுற்றிலும் அரால்டைட் தடவி உள்ளே தள்ளுவார்கள். திறந்த துளையில் அது சரி. மூடிய துளையில் மெழுகடைத்த குழாய் ஒரு பிஸ்டனாக மாறிவிடுகிறது. உள்ளே அகப்பட்ட காற்றுக்குப் போக வழியில்லை. தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் குழாய் மெதுவாக வெளியே வரும், பசை இறுகும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் வந்து நின்றிருக்கும். பம்ப் வேலை பார்த்தவர் என்பதால் காரணம் அவருக்கு உடனே பிடிபட்டது. மெழுகில் ஒரு குண்டூசித் துளை போட்டார். காற்று குழாய் வழியே வெளியேறியது. அரால்டைட்டும் குழாயில் கனமாக அல்லாமல் துளையின் சுவரில் மெல்லியதாகவே பூசப்பட்டது. ஈட்டி, கருங்காலி போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரங்களுக்கு அதற்கு முன்பு அசிட்டோனால் ஒரு துடைப்பு.

அடுத்து, கட்டையை லேத்தில் எப்படிப் பிடிப்பது? கோக்கும் கம்பிக்கு வழியில்லை. ஒரு பக்கம்தானே வாய். வெளிநாட்டில் இதற்கென்றே விற்கும் பிடிகள் உண்டு. அவர் இ.என்.8 கம்பியில் தானே ஒன்று கடைந்துகொண்டார். குழாய்க்குள் வழுக்கிச் செல்லும் அளவுக்கு ஒரு தண்டு, அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் சமதளமாக ஒரு வெட்டு, அந்தத் தளத்தில் கிடக்கும் ஒரு சின்ன ஊசிக் கம்பி. பேனாக் கட்டையை மாட்டி லேசாகத் திருப்பினால் ஊசி தளத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருண்டு, தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஆப்பாக இறுகும். உளி எவ்வளவுக்கு அழுத்துகிறதோ அவ்வளவுக்குப் பிடி கூடும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். திருகும் இல்லை, சாவியும் இல்லை. இதை விவரிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைப் பார்த்தால், பேனாவைவிட இந்த ஊசிப் பிடிதான் அவர் மனதுக்கு நெருக்கமோ என்று தோன்றும்.

பட்டறை லேத்தின் வேகம் மரத்துக்குப் போதவில்லை. மரப் பேனாவுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் வேண்டும். பழைய அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்றை வைத்துச் சிறிய மர லேத் ஒன்றை அவரே கட்டினார்.

எல்லாம் அமைந்த பிறகும் முனை வரவில்லை. உடம்பைக் கடையும் வரை டெயில் ஸ்டாக்கின் ரிவால்விங் சென்டர் கட்டையின் அடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அடியை உருட்டி மூட வேண்டும் என்றால் அந்தச் சென்டர் விலகியாக வேண்டும். தாங்கல் போன பிறகுதான் பேனாவின் மிக முக்கியமான கடைசல் தொடங்குகிறது. இரும்பு டர்னரின் வழக்கப்படி அவர் டூல் போஸ்ட்டில் வெட்டும் டூலைக் கட்டி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே செலுத்தினார். இரும்பாக இருந்தால் கண்ணாடி மாதிரி வந்திருக்கும். மரத்தில் முனை பிய்ந்து பிய்ந்து வந்தது. குறுக்குவாட்டு நார்கள் வெட்டுப்படாமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலும் குழிகள் போகவில்லை.

விடை கிடைத்தது அம்பாசமுத்திரத்தில்.

2016 தை மாதம் பாபநாசத்துக்குக் குடும்பத்தோடு போனவர், வழியில் பெண்ணுக்குச் சொப்பு வாங்க ஒரு கடைசல் பட்டறையில் இறங்கினார். அந்த ஊர் மரச் சொப்புகளுக்குப் பேர் போனது. குடம், அடுப்பு, உரல், திருகை என்று ஒரு முழுச் சமையலறையை விரல் உயரத்தில் கடைந்து கொடுப்பார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் லேத் முன் உட்கார்ந்து குடம் கடைந்துகொண்டிருந்தார். டர்னரின் கண் சொப்பில் நிற்கவில்லை. மரத் துண்டின் ஒரு முனை மட்டும்தான் லேத்தின் வாயில் அடித்து இறுக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் தாங்கல் எதுவும் இல்லை. அந்தத் தொங்கும் முனையில்தான் குடத்தின் வாய் திறந்தது, வயிறு குடைந்தது, கழுத்து ஒடுங்கியது. மூடிய அடியைக் கடைசியாக உளியால் அறுத்து எடுத்தார் பெரியவர். விழுந்த குடத்தின் அடி வழவழவென்றிருந்தது.

"சென்டர் குடுக்காம மரம் ஆடாதுங்களா?" என்று கேட்டார் டர்னர்.

"மரமா ஆடுது? உளியக் கொண்டு முட்டுனா எதுவும் ஆடத்தான் செய்யும் தம்பி. முட்டக் கூடாது, சீவணும்."

கையில் உளியைக் கொடுத்தும் பார்த்தார் அண்ணாச்சி. முனையை நேராக மரத்தில் வைக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தினார். "மொதல்ல உளியோட முதுகு மரத்து மேல உக்காரணும். அது உக்காந்த பொறவு பின்கைய லேசாத் தூக்குங்க. வாய் தானாக் கடிக்கும்." அப்படியே செய்தபோது சீவல் சுருண்டு சுருண்டு தோளுக்கு மேல் பறந்தது. "பெருசுலருந்து சிறுசுக்கு வாங்க. ஏறிப் போவாதிய."

நல்ல சூத்திரம் எப்போதும் சுருக்கமாகத்தான் இருக்கும். மரத்தின் நார்கள் துடைப்பக் கட்டுப் போல நெருக்கமாக நிற்கின்றன. பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு உளி இறங்கினால், வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் முட்டுக் கொடுக்கும். எதிர்த்திசையில் ஏறினால் முட்டு இல்லாத நார் வளைந்து பிய்ந்துவிடும். உளியின் முதுகு மரத்தில் படிந்திருப்பதால் வெட்டின் ஆழமும் கட்டுக்குள் இருக்கிறது, பக்கவாட்டு அழுத்தமும் குறைகிறது. அழுத்தமே இல்லாதபோது தாங்கலுக்கு என்ன தேவை? நுட்பமான அளவுகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அளவுகோலே இல்லாத ஒரு பட்டறையில் இதைக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தைக்கும் அண்ணாச்சிக்கு ஒரு பேனா போய்ச் சேர்ந்தது.

கோவை திரும்பியபின் வேலை முறை மாறியது. உடம்பைக் கடைந்து முடிக்கும் வரை சென்டர் இருக்கும். அடியில் சென்டர் பதிந்த இடத்தில் ஒரு சின்னக் குமிழ் மட்டும் மிஞ்சும். சென்டரை விலக்கி, சாய்வாய் உளியால் குமிழைச் சீவிவிட்டு, தோளிலிருந்து அச்சை நோக்கி மெல்லிய சீவல்களாக இறங்குவார். அச்சை நெருங்க நெருங்க மரத்தின் வேகம் குறையும். மையத்தில் வேகமே இல்லை. அங்கே வெட்ட முடியாது, வருடத்தான் முடியும். முனை மூடியதும் அவர் 2014-இல் ஆசைப்பட்டது தெரியும். பக்கங்களில் நேர்க்கோடாக வந்த ரேகைகள் முனையில் வில்லாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிற்கும். அந்த மரம் ஒவ்வோர் ஆண்டும் எப்படி வளர்ந்தது என்பதன் ஒரு துணுக்கு, பேனாவின் அடியில்.

மெருகு போடுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. மேல்நாட்டில் பெரும்பாலானவர்கள் சூப்பர் க்ளூவையே மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். வியர்வை தாங்கும், ஆண்டுகள் ஓடும். நம் பக்கத்து மரபு அரக்கு. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் பொம்மை கடைகிறவர்கள் வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அது உருகிப் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மினுக்குவார்கள். அவர் அரக்குக் கட்சி. சூப்பர் க்ளூ போட்ட பேனாவைத் தொட்டால் விரலுக்கு மரம் கிடைப்பதில்லை, அதன் மேலிருக்கும் ஒரு கண்ணாடிதான் கிடைக்கிறது என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2020 அந்தக் கட்சியைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. அரக்கு சாராயத்தில் கரையும். சானிடைசரில் இருப்பதும் அதுதான். கொரோனா காலத்தில் மருத்துவர் ஒருவர் வாங்கிய பேனா, மெருகு பிசுபிசுத்துத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மட்டும் சூப்பர் க்ளூ பூச்சு. முனைக்கு மட்டும் எந்த மெருகாக இருந்தாலும் முதலில் ஒரு தனிப் பூச்சு. குறுக்குவாட்டு நார்களின் வாய்கள் திறந்திருப்பதால் அது எதையும் இழுத்துக் குடித்துக் கறுத்துவிடும்.

மரங்களைப் பற்றி அவரிடம் பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். பலா கடையும்போது மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறும். வீணை செய்கிறவர்கள் விரும்பும் அந்த மரத்தின் கழிவுத் துண்டுகளைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைப்பார். புளியின் வைரம் ஊதாப் பழுப்பு. தென்னையில் ஆண்டு வளையமே கிடையாது, நார்க் கோடுகள்தான். முனையைக் கடைந்தால் அவை கோடுகளிலிருந்து பொட்டுகளாக மாறுவதைப் பார்க்கலாம். கடையில் வாங்கும் மரத்தைவிட, யாராவது தேடிக்கொண்டு வந்து கொடுக்கும் மரத்தில்தான் அவருக்கு ஆர்வம்.

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த வங்கி ஊழியர் ஒருவர் ஒரு பழைய கலப்பையின் மேழியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். டிராக்டர் வந்த பிறகு பரணில் கிடந்தது. "எங்கப்பா புடிச்சதுங்ணா. இதுல ஒரு பேனாப் பண்ணித் தர முடியுங்களா?" கருவேலம். செம்பழுப்பு வைரம், உளியின் வாயை மழுங்கடிக்கும் கெட்டி. அறுத்துப் பார்த்தபோது நடுவில் எப்போதோ அடித்த ஆணியின் வழியெல்லாம் கருநீலமாக ஒரு கறை பரவியிருந்தது.

அந்தக் கறைக்கு ஒரு வேதியியல் இருக்கிறது. கருவேலம் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவார்கள். காரணம் அதிலுள்ள டானின், மரத்திலும் அது உண்டு. இரும்பும் டானினும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலம் பிறக்கும். நம் ஊரில் கடுக்காயிலிருந்து காய்ச்சிய கறுப்பு மையும் இந்தச் சேர்க்கைதான். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் ஓக் மரத்தின் காய்ப்புகளோடு அன்னபேதி கலந்ததுதான். ஆணி அடித்த இடத்தில், உழுத காலத்து மழையிலும் சேற்றிலும், மேழி தனக்குள் தானே மை காய்ச்சியிருந்தது. இதைக் கேட்டு வங்கிக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கறை இல்லாத பகுதியிலேயே பேனாவை எடுத்திருக்கலாம், மரமும் போதுமானது இருந்தது. அவர் வேண்டுமென்றே கறையைக் குறிவைத்துத் துண்டு போட்டார். கருநீலம் உடம்பின் ஒரு பக்கமாக இறங்கி, மூடிய முனையைக் கடந்து மறுபக்கம் ஒரு விரற்கடை ஏறும்படி கட்டையைத் திருப்பித் திருப்பிக் குறி போட்டார். உலோகக் கொண்டை வைத்த பேனாவாக இருந்தால் அந்தக் கறை பாதியில் வெட்டுப்பட்டிருக்கும்.

அவர் ஊற்றுப் பேனாவுக்கு மாறியபோது, மூடியும் மரத்தில் வேண்டும் என்றார்கள் வாங்குகிறவர்கள். மூடியின் தலையும் மூடியதுதான். உடம்பையும் மூடியையும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து எடுத்தால் ரேகை தொடர்ந்து ஓட வேண்டும். ஆனால் மூடியைத் திருகி மூடும்போது அது எந்தக் கோணத்தில் நிற்கும்? மரத்தில் மரை வெட்டினால் உதிரும் என்பதால் உள்ளே எபோனைட் வளையம் வைத்து அதில் மரை போடுகிறார். பேனா உலகத்தில் மூன்று தொடக்கம் உள்ள மரை வழக்கம். ஒன்றேகால் சுற்றில் திறந்துவிடும். மூன்று இடங்களில் கவ்வும் என்பதால் மூன்றில் ஒரு முறைதான் ரேகை சேரும். ஒற்றைத் தொடக்க மரை எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும், ரேகையும் ஒவ்வொரு முறையும் சேரும். திறக்கத்தான் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

மூன்று தொடக்க மரை வெட்டுவது அவருக்குச் சிரமமே இல்லை; மரை ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் காம்பவுண்டு ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி வெட்டினால் போதும். இருந்தாலும் வருகிறவர்களிடம் இரண்டு மாதிரிகளையும் எடுத்து வைத்துவிடுகிறார். பேங்க் கவுன்டரில் நாளெல்லாம் திறந்து மூடுகிறவர்கள் மூன்று தொடக்கத்தை எடுக்கிறார்கள். தாராபுரத்துக்காரரும் கவுன்டர்காரர்தான். இரண்டையும் மாறி மாறித் திருகிப் பார்த்துவிட்டு, அவர் எடுத்தது ஒற்றைத் தொடக்கம்.